நிக்கல் வேண்டாம், ஸ்பிரிங்கை மாத்தும்

பாளையங்கோட்டை,
ஐப்பசி, அடைமழை நாள்.

அன்புள்ள சேக்காளிக்கு,

உம்ம கடுதாசி வந்துட்டு. அப்பா வச்சிருந்த பிஸ்டல் ஒரு வழியா உம்ம லைசென்ஸில் ஏறினதில் சந்தோஷம். வீட்டில் எல்லாரும் சுகந்தானே? இங்கே மூணு நாளா வெயில் முகமே காட்டல. அம்பையில், மலையடிவாரத்தில், இன்னும் கூடுதலாத்தான் இருக்கும். நீர் கேட்டதுக்கெல்லாம் பதிலை இந்த ஈரத்திலிருந்துதான் ஆரம்பிக்கணும்.

நிக்கல் பூச்சுப் போட்டுப் பளபளன்னு ஆக்கட்டுமா, கைப்பிடியை மாத்தட்டுமா, டிரிகரை லேசாக்கட்டுமான்னு கேட்டிருக்கீர். நிக்கல் வேண்டாம். கைப்பிடி தாராளமா. டிரிகரைத் தொடவே தொடாதேயும். நீர் கேக்காத ஒண்ணு இருக்கு, ஸ்பிரிங். அதைத்தான் முதல்ல மாத்தணும்.

நீர் எழுதின அடையாளத்தை வச்சுப் பாத்தா அது கோல்ட் 1903 மாடல். .32 போர், அதான் குழல் துவாரத்தின் அளவு, மேகசின்ல, அதான் தோட்டா அடுக்குத டப்பாவில், 8 தோட்டா, 3¾ அங்குலக் குழல். 'ஹேமர்லெஸ்'னு பேரு மட்டுந்தான். சுத்தியல் மாதிரி அடிக்குத ஹேமர், மேல்பக்கம் முன்னும் பின்னும் ஓடுத ஸ்லைடுக்குள்ள ஒளிஞ்சு கெடக்கு. 1945 வரைக்கும் 5 லட்சத்துக்கு மேல செஞ்சு வித்தாங்க. ஆகையால பிஸ்டல் ஒண்ணும் அபூர்வமில்ல, மேல்பூச்சு கெடாத பிஸ்டல்தான் அபூர்வம். வடிவமைச்சவர் ஜான் பிரௌனிங். 1911 ஜூன் 17 அன்னைக்கு மணியாச்சியில் வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் அவர் பேர் போட்ட பெல்ஜியத்து பிஸ்டல்தான். நம்ம சீமைக்கு அந்தப் பேரு புதுசில்ல.

இப்ப நிக்கல். பிஸ்டல் மேல இருக்க அந்தக் கருநீலம் பெயிண்ட் இல்ல வே. எஃகின் மேலேயே உண்டாக்கின மெல்லிய ஆக்சைடு, அம்புட்டுதான். பூச்சு போடுதவன் முதல்ல அதை ஆசிட்டில் முக்கி எடுப்பான், பிறகு பஃபிங் சக்கரத்தில் பிடிப்பான். சக்கரத்துக்கு எது விளிம்பு, எது எழுத்துன்னு தெரியாது. கூரான ஓரமெல்லாம் சோப்புக் கட்டி மாதிரி மழுங்கும், கம்பெனி முத்திரை தேயும், நம்பரும் மங்கும். நம்பர் மங்கினா அது அழகுப் பிரச்சினை இல்ல: 1959 ஆயுதச் சட்டப்படி அடையாள எண்ணை அழிக்கிறதே குற்றம். அடுத்த புதுப்பித்தலுக்குக் கொண்டுபோகும்போது நம்பர் சரியாத் தெரியலைன்னா நீர்தான் பதில் சொல்லணும். போதாக்குறைக்கு, ஆசிட்டில் ஊறின சின்ன பாகங்கள், முக்கியமா ஸ்பிரிங்கு, ஹைட்ரஜனைக் குடிச்சு நொறுங்கும் தன்மைக்கு வந்துடும். ஸ்லைடு ஓடுத தடத்தில் பூச்சு ஏறினா இறுக்கம். இவ்வளவுக்கும் ஒரு பளபளப்புதான் மிச்சம்.

லைசென்ஸ் மாறுத வரைக்கும் துப்பாக்கிக் கடையில் வச்சிருந்த காலத்தில் விழுந்த பழுப்புப் புள்ளிகளுக்கு என்ன செய்யன்னு கேப்பீர். விரல் வச்சுத் தேச்சுப் பாரும். செம்பொடி கையில் ஒட்டினா துரு உயிரோட இருக்கு. ஒட்டலைன்னா அது பழைய கறை, விட்டுடும். உயிருள்ள துருவுக்குத் துப்பாக்கி எண்ணெய் தாராளமா விட்டு ஒரு ராத்திரி ஊற வையும். மறுநாள் பழைய காலணாக் காசு ஒண்ணை எடுத்து, எண்ணெய் ஈரம் காயாம, விளிம்பால படுக்கைவாட்டில் சுரண்டும். காசு எஃகைவிட மெதுவானது. துரு பெயரும், நீலம் நிக்கும். அதுக்கும் அசையலைன்னா ஆகச் சன்னமான எஃகுப் பஞ்சு, நான்கு பூஜ்யம் போட்ட ரகம், அதையும் எண்ணெயோட, பூ மாதிரி. உப்புத்தாள் வீட்டுக்குள்ளேயே வரப்படாது.

துடைக்கிற வேலை. எதைத் தொடும் முன்னாலயும் முதல்ல மேகசினை எடும், அப்புறந்தான் ஸ்லைடை இழுக்கணும். மாத்திச் செஞ்சா, இழுத்தபோது வெளிய விழுந்த தோட்டாவைப் பாத்து நிம்மதியாயிடுவீர். மேகசின்லருந்து அடுத்தது குழலின் பின்கோடியில் உள்ள அறைக்குள்ள ஏறி உக்காந்திருக்கும். இந்த மாடலில் கடைசித் தோட்டா போனாலும் ஸ்லைடு திறந்து நிக்காது, மூடிக்கிடும். ஆகையால வெளியிலருந்து பாத்துக் காலியா இல்லையான்னு சொல்ல முடியாது. கண்ணால பாத்தாலும் போதாது, சுண்டுவிரலை அறைக்குள்ள விட்டுத் தடவிப் பாரும். அதுக்குமேல கழற்றலாம்: ஸ்லைடில் இருக்க அம்புக்குறி, அடிச்சட்டமான ஃபிரேமின் முன்விளிம்புக்கு நேரா வர வரைக்கும் பின்னால இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, குழலைத் திருகினா ஃபிரேமில் உள்ள பிடிப்பை விட்டுடும். ஸ்லைடும் குழலும் சேர்ந்து முன்பக்கமா வந்துடும். திருக மறுத்தா பலம் காட்டாதேயும். குறி நேரா வரலைன்னு அர்த்தம்.

குழல் தனியா வந்துடுதுனால பின்பக்கத்திலிருந்தே, தோட்டா ஏறுத பக்கத்திலிருந்தே, பிரஷ்ஷை விடும். முன்வாய் வழியாக் கம்பி விட்டு விட்டுத்தான் நிறையப் பழைய குழல் வாய் கோணிப் போச்சு. குண்டு கடைசியாத் தொட்டுட்டுப் போற இடம் அது. வெண்கல பிரஷ்ஷை, கரியைக் கரைக்குத சால்வென்டில் நனைச்சு பத்துத் தடவை. பாதியில் திருப்பாதேயும், முழுசா வெளிய வந்தபிறகு திரும்ப இழுக்கணும். கால் மணி நேரம் ஊறட்டும். பிறகு துணி. கடையில் விக்குத பேட்ச்சைவிட நல்லாத் துவைச்ச பழைய வேட்டித் துணி மேல், ஒரு அங்குலச் சதுரமா வெட்டும்; கஞ்சி போட்ட வேட்டியா இருக்கப்படாது. துணி வெள்ளையா வர வரைக்கும். கடைசித் துணியில் ஒரு சொட்டு எண்ணெய்.

எண்ணெய் விஷயத்தில் நம்மாள்களுக்குக் கை தாராளம். ஸ்லைடு தடத்துக்குப் பக்கத்துக்கு ஒரு சொட்டு, குழலின் வெளிப்புறம் பிடிக்கிற வளையங்களுக்கு ஒரு சொட்டு, போதும். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் கூடவே கூடாது. முதல் வாரம் வழுக்கும், மூணாம் மாசம் பிசினாகி ஸ்லைடை ஒட்டிப்போடும். அவசரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் தேவலை. மேகசின் உள்பக்கம் எண்ணெயே வேண்டாம், தோட்டாவின் அடியில் தீப்பொறி கெளப்புத பிரைமருக்குள்ள கசிஞ்சா அது வெடிக்காது. கடைசியா வெளிப்புறம் முழுக்க எண்ணெய்த் துணியால ஒரு துடை. அதுக்கப்புறம் வெறும் கையால தொடாதேயும். நம்ம ஊர் வேர்வை உப்புக்கு ஒரு ராத்திரி போதும், ரேகை அப்படியே துருவா அச்சு விழும்.

ஸ்பிரிங்குக்கு வாரேன். இந்தப் பிஸ்டலில் குழலையும் ஸ்லைடையும் பூட்டி வைக்க வேற ஏற்பாடு கிடையாது. வெடிக்கிற நேரம் ஸ்லைடின் எடையும், அதை முன்னுக்குத் தள்ளிக்கிட்டு இருக்க ரீகாயில் ஸ்பிரிங்கும், ரெண்டுந்தான் தடுப்பு. ஸ்பிரிங் தளர்ந்தா ஸ்லைடு ஃபிரேமில் போய் மோதும்; மோதி மோதி என்னைக்காவது கீறல் விடும். சுட்ட தோட்டாவின் காலிக் கூடு முந்தியைவிட எட்டப் போய் விழுதா, ஸ்லைடு கடைசிக் கால் அங்குலத்தில் தயங்கி மூடுதா? ரெண்டும் தளர்ச்சியின் அறிகுறி. வயசான ஸ்பிரிங் நீளத்திலும் குறைஞ்சிருக்கும், புதுசுக்குப் பக்கத்தில் வச்சாத் தெரிஞ்சுபோகும். ஹேமர் ஸ்பிரிங், மேகசின் ஸ்பிரிங் ரெண்டையும் கூடவே மாத்தச் சொல்லும். லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடை மிஸ்திரியைத் தவிர வேற யார் கையிலயும் குடுக்காதேயும்.

தோட்டா சிக்குதுன்னு எழுதியிருந்தீர். இந்த .32 தோட்டாவின் அடியில் சின்னதா ஒரு விளிம்பு துருத்திக்கிட்டு இருக்கும். மேகசினில் மேலத் தோட்டாவின் விளிம்பு கீழத் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால போயிட்டா ரெண்டும் கொக்கி போட்டுக்கிடும், ஸ்லைடு எவ்வளவு தள்ளினாலும் ஏறாது. நிரப்பும்போதே ஒவ்வொண்ணையும், அதன் விளிம்பு கீழதுக்கு முன்னால உக்காருத மாதிரி வச்சு அழுத்தும். நிரப்பினதும் மேகசினின் முதுகுப் பக்கத்தை உள்ளங்கையில் ரெண்டு தட்டு. அதுக்கும் சிக்கினா மேகசின் வாயில் தோட்டாவைப் பிடிச்சு நிக்க உதட்டைப் பாரும், ஒருபக்கம் விரிஞ்சிருக்கும். குறடு வச்சு நீரே வளைக்காதேயும், வேற மேகசின் தேடுறது நல்லது.

கடையில் கேக்கும்போது '32 தோட்டா'ன்னு மொட்டையாக் கேக்கப்படாது. நம்ம நாட்டு ஆலையில் செய்யுத .32 ரிவால்வருக்கு உள்ளது வேற, நீளம் கூடுதல். '32 பிஸ்டல், 7.65'னு சொல்லி வாங்கும். அப்பா காலத்துப் பச்சைக் களிம்பு பிடிச்ச தோட்டாவைத் துடைச்சுப் போட்டுச் சுடுற ஆசை வேண்டாம், கடையில் ஒப்படைச்சு ரசீது வாங்கும். ரேஞ்சில் சுடும்போது சத்தம் புஸ்ஸுன்னு போச்சுன்னா அங்கேயே நிறுத்தணும். குண்டு குழலுக்குள்ள நின்னிருக்கும். அடுத்ததைச் சுட்டா குழல் புடைக்கும், இல்ல பிளக்கும். வெடிக்கவே இல்லைன்னா குழல் வாயை இலக்குக்குப் பின்னால உள்ள மண்திட்டுப் பக்கமே வச்சுக்கிட்டு அரை நிமிஷம் பொறுத்துத்தான் திறக்கணும்.

டிரிகரை ஏன் தொடப்படாதுங்கேன்னா, லேசாக்குறதுன்னு சொல்லி ஹேமரைப் பிடிச்சு நிக்க கொக்கியை அரம் போட்டுத் தேய்ப்பாங்க. அதில் கெட்டிப்படுத்தினது மேல்தோல் மட்டுந்தான், காகித கனம். அது போயிட்டா உள்ள உள்ள மெத்து எஃகு கொஞ்ச நாளில் வழுக்கும், ஸ்லைடு மூடும்போதே தானா வெடிக்கும். ஏற்கெனவே யாராவது கைவச்சிருக்காங்களான்னு பாக்க ஒரு வழி: நல்லாக் காலியாக்கி, ஸ்லைடை இழுத்து விட்டு, கைப்பிடியின் பின்பக்கத்தில் உள்ளங்கை அழுத்துத சேஃப்டியை அழுத்தாம டிரிகரை இழும். ஹேமர் விழப்படாது. பெருவிரலால தள்ளுத சேஃப்டியைப் போட்டும் அதே சோதனை. விழுந்துதுன்னா அன்னைக்கே மிஸ்திரிகிட்ட கொண்டுபோம். காலியா இருக்கும்போது சும்மா சும்மா டிரிகரைத் தட்டுத பழக்கமும் வேண்டாம், பிரைமரைக் குத்துத பழைய ஃபயரிங் பின் ஒடிஞ்சா மாத்துப் பின் லேசில் கிடைக்காது. டம்மித் தோட்டா போட்டுத் தட்டும்.

கைப்பிடியில் உம்ம ஆசையைத் தீத்துக்கிடும். அதில் இருக்க கருப்பு, கெட்டி ரப்பர். வெளிச்சம் பட்டுப் பட்டுத்தான் பழுப்பாகியிருக்கு, அழுக்கு இல்ல. வெந்நீரில் கழுவினா இன்னும் வெளிறும். பக்கத்துக்கு ஒரே திருகு. திருகின் வெட்டுக்குச் சரியா உக்காருத டிரைவர் இல்லாம திருகாதேயும். அந்த ஜோடியைத் துணியில் பொதிஞ்சு எடுத்து வச்சுட்டு, ஈட்டி மரத்தில் புதுசு போடும். ஆசாரியிடம் அந்தப் பழைய ரப்பர்த் தகடு ரெண்டையும் மட்டும் குடும், பிஸ்டலைக் குடுக்காதேயும். லைசென்ஸ் இல்லாதவர் கையில் அது ஒரு மணி நேரம் இருந்தாலும் ரெண்டு பேருக்கும் வழக்கு. மரம் வருஷக்கணக்கில் காய்ஞ்சதா இருக்கணும். பழைய கட்டில் கால், உடைஞ்ச அலமாரிச் சட்டம் இதில் எடுத்தா நிம்மதி. பச்சை மரம் சித்திரையில் சுருங்கித் திருகைச் சுத்திக் கீறல் விடும். உள்பக்கப் பள்ளங்களையெல்லாம் அப்படியே எடுக்கச் சொல்லும், மேகசின் உரசப்படாது. மெருகுக்கு வார்னிஷ் வேண்டாம், காய்ச்சின ஆளிவிதை எண்ணெயை விரலால தேய்ச்சு, நாளுக்கு ஒரு கையா அஞ்சாறு கை. மச்சினர் சொன்னார்னு தந்தப் பிடி கேட்டிருந்தீரே, 1972 வனவிலங்குச் சட்டம் ஒண்ணு இருக்குதுன்னு அவருக்குச் சொல்லும்.

தோல் உறையில் போட்டு பீரோவுக்குள்ள வைக்குதது நம்ம ஊர்ல எல்லாரும் செய்யுத தப்பு. பதனிட்ட தோலில் உப்பும் அமிலமும் மிச்சம் இருக்கும், ஈரத்தையும் உறிஞ்சும். பித்தளைத் தோட்டாவில் பச்சைக் களிம்பு வருததும் அதனாலதான். வெல்வெட் பெட்டியும் அதே கதை. மூடி இறுக்கமான பெட்டியில் கால் கிலோ சிலிக்கா ஜெல் போட்டு வையும். ஆரஞ்சு நிறம் பச்சையாச்சுன்னா வாணலியில் லேசா வறுத்து ஆறவிட்டுத் திரும்பப் போடலாம். தோட்டா வேற பெட்டி, வேற பூட்டு. ஐப்பசி கார்த்திகையில் பத்து நாளுக்கு ஒரு தடவை எடுத்துத் துடையும், பங்குனியில் மாசத்துக்கு ஒண்ணு போதும்.

தேர்தல் அறிவிப்பு வந்தா ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்லுவாங்க, மாசக்கணக்கில் அங்கே கெடக்கும். குடுக்கும் முன்னால நல்லாக் காயவச்சு, எண்ணெயைக் கொஞ்சம் தூக்கலாத் தடவி, மெழுகுத்தாளில் சுத்தி, உறை இல்லாமக் குடும். நம்பரும் மேல்பூச்சும் தெரியுத மாதிரி நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கிடும். ரசீதில் நம்பர் சரியா எழுதியிருக்கான்னு அங்கேயே படிச்சுப் பாரும். திரும்ப வாங்கின அன்னைக்கே பிரிச்சுத் துடைக்கணும். லைசென்ஸ் இப்ப 5 வருஷத்துக்கு. முடிய ரெண்டு மாசத்துக்கு முன்னாலேயே மனு குடும். 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஆளுக்கு ரெண்டு ஆயுதந்தான். வீட்டில் இருக்க ரெட்டைக்குழலும் உம்ம பேர்லன்னா கணக்கு முடிஞ்சுது.

ரீகாயில் ஸ்பிரிங்கைக் கழற்றினதும் நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதும், சுத்து எத்தனைன்னும் எண்ணிப் போடும். அதை வச்சுத்தான் இங்கே கடையில் கேக்க முடியும்.

இப்படிக்கு,
உம்ம சேக்காளி