செயலாளர் ஆண்டறிக்கை: யூகோஸ்லாவிய நோட்டுகளுக்கு ஒதுக்கிய ஆண்டு

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கண்ணில் படும் பணநோட்டையெல்லாம் வாங்கி ஆல்பத்தை நிரப்புவதை ஓராண்டு நிறுத்திவைத்து, இன்று உலக வரைபடத்தில் இல்லாத ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு ஆழமாகப் பார்ப்போம் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். யூகோஸ்லாவியாவைத் தேர்ந்தெடுத்தோம். நம்மில் பலரிடம் அந்த நாட்டு நோட்டு ஒன்றாவது இருந்தது. ஆனால் அந்த நாட்டுப் பணத்தின் பெயர் தினார்; அது எந்தக் காலத்துத் தினார் என்று கேட்டால் உடனே பதில் வராது.

அதைப் பிரித்து அறிவதிலேயே ஆண்டின் பெரும்பகுதி போயிற்று. 1966-ல் பழைய 100 தினார் ஒரு தினார் ஆனது. 1990 ஜனவரியில் 10,000 தினாருக்கு ஒன்று. அந்தத் தினாரை 7-க்கு ஒரு ஜெர்மன் மார்க் என்று கட்டிவைத்தார்கள். 1992 ஜூலையில் 10-க்கு ஒன்று. 1993 அக்டோபரில் 10 லட்சத்துக்கு ஒன்று. 1994 ஜனவரி 1 அன்று 100 கோடிக்கு ஒன்று. அதுவும் ஒரு மாதம் தாங்கவில்லை. ஜனவரி 24 அன்று, மார்க்குக்குச் சரிநிகராகப் 'புதிய தினார்' வந்தது. இத்தனைக்கும் பெயர் தினார்தான். அதனால்தான் நோட்டுகளை எண் மதிப்புப்படி அடுக்க வேண்டாம், நாணயச் சீர்திருத்தம் ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் ஒதுக்குங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் வற்புறுத்தினேன். எண்ணைப் பார்த்து அடுக்கினால் ஆல்பம் பொய் சொல்லும்.

கவிஞர் யோவான் யோவானோவிச் ஸ்மாய் படம் போட்ட 1993-ம் ஆண்டு நோட்டையே எடுத்துக்கொள்வோம். அதன் முகமதிப்பு 50,000 கோடி தினார். அந்த நாட்டில் அதைவிடப் பெரிய எண் எந்த நோட்டிலும் ஏறவில்லை. ஜனவரி 1 மாற்றத்துக்குப் பிறகு அது 500 தினார். புதிய தினார் ஒன்றுக்குச் சுமார் 1 கோடியே 30 லட்சம் தினார் என்று வைத்தபோது, அப்படிப்பட்ட 26,000 நோட்டுகளைச் சேர்த்தால்தான் ஒரு மார்க். போர்ச் செலவு, 1992 மே மாதம் வந்த ஐ.நா. தடை, அரசின் பற்றாக்குறையை அடைக்க ஓயாமல் ஓடிய பெல்கிரேடு டோப்சிடர் அச்சகம் எல்லாம் சேர்ந்து, 1994 ஜனவரி ஒரே மாதத்தில் பணவீக்கத்தை 31 கோடி சதவீதத்துக்கு மேல் கொண்டுபோயின. மத்திய வங்கி ஆளுநர் பொறுப்புக்கு வந்த பொருளாதார நிபுணர் டிராகோஸ்லாவ் அவ்ராமோவிச்சின் திட்டம்தான் அதை நிறுத்தியது. இந்த நோட்டுகள் ஏராளமாக அச்சானவை, எளிதில் கிடைப்பவை. அதற்காக இவற்றை ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் செருகிவைப்பது நியாயம் இல்லை. சம்பளம் வாங்கிய கையோடு கடைக்கு ஓடிய மக்களின் பணம் இது.

எனக்கு மிகவும் பிடித்த அமர்வு, தொழிலாளர் முகங்களைப் பற்றியது. 1955-ம் ஆண்டின் 1,000 தினாரிலும், பிறகு வந்த 10 தினாரிலும் சிரித்துக்கொண்டிருப்பவர் ஆரிஃப் ஹெராலிச். பொஸ்னியாவில் செனிட்சா நகர உருக்காலையில் உலையில் வேலை பார்த்தவர். பலர் அவரை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி அலியா சிரோடானோவிச் என்று நினைக்கிறார்கள். நம் பழைய குறிப்பேட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தது, திருத்திவிட்டோம். சிரோடானோவிச் இருப்பது 1987-ன் 20,000 தினாரில். தன் முகம் நாடு முழுக்கக் கைமாறிக்கொண்டிருக்க, ஹெராலிச் 1971-ல் வறுமையில் இறந்தார். அந்தப் பக்கத்தில் இந்த விவரத்தையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டச் சொன்னேன். எழுதாவிட்டால் பார்ப்பவருக்கு அது வெறும் சிரித்த முகம்.

மூத்த உறுப்பினர் ஒருவர் நிக்கோலா டெஸ்லாவை மட்டும் வரிசையாகக் கொண்டுவந்து காட்டினார். 1970-ன் 500 தினார், 1990-ன் 1,000 தினார், 1993-ன் 50 லட்சம், அதே ஆண்டின் 1,000 கோடி, கடைசியில் 1994-ன் 5 புதிய தினார். முகம் ஒன்றுதான். பக்கத்தில் இருக்கும் பூஜ்யங்கள் பெருகி, ஒரேயடியாகக் காணாமல் போகின்றன. இவ்வளவு நல்ல காட்சிப் பலகையை நம் சங்கத்தில் இதுவரை யாரும் வைத்ததில்லை.

மேலச்சு நோட்டுகளில், அதாவது ஏற்கெனவே அச்சான நோட்டின் மேல் இன்னொரு அச்சோ முத்திரையோ ஏற்றியவற்றில், எச்சரிக்கை தேவை. 1919-ல் ஒரு தினாருக்கு, பழைய ஆஸ்திரிய-ஹங்கேரி சாம்ராஜ்யத்தின் பணமான குரோனா நான்கு என்ற கணக்கில், தினார் நோட்டின் மேலேயே குரோனா மதிப்பை அச்சிட்டார்கள். அது அந்தச் சாம்ராஜ்யம் உடைந்து யூகோஸ்லாவியா பிறந்த நேரம். 1992-ல் நாடு உடைந்தபோது பொஸ்னியாவில் யூகோஸ்லாவிய 500, 1,000 தினார் நோட்டுகளில் ரப்பர் முத்திரை குத்திப் புழக்கத்தில் விட்டார்கள். பிறப்புக்கும் சாவுக்கும் ஒரே முறை. ஆனால் ரப்பர் முத்திரையை யாரும் செய்துவிடலாம். சாதாரண நோட்டில் பிற்பாடு குத்திய போலிகள் விற்பனைக்கு வருகின்றன. மை நோட்டின் மடிப்புக்குள் எப்படி இறங்கியிருக்கிறது என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். உறுதியாகத் தெரியாமல் காசு கொடுக்காதீர்கள். 1985-ன் 5,000 தினாரில் யூகோஸ்லாவிய அதிபர் டிட்டோ இறந்த ஆண்டு 1980-க்குப் பதில் 1930 என்று பிழையாக அச்சான நோட்டைத் தேடுபவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

பராமரிப்பு பற்றி ஒன்று. பிவிசி உறைகளைத் தூக்கிப் போடுங்கள். நாளாக ஆக அவை பிசுபிசுத்து நோட்டின் மையைப் பிடித்துக்கொள்ளும். பாலியஸ்டர் உறை விலை கூடுதல்தான், ஆனாலும் வாங்குங்கள். சலவை நோட்டாகத் தெரிய வேண்டும் என்று பழைய நோட்டைக் கழுவி இஸ்திரி போடுவதும் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், அடுத்த ஆண்டு. செயற்குழு முன்வைப்பது இரண்டு: நைஜீரியாவிலிருந்து பிரிந்து சில ஆண்டுகளே இருந்த பியாஃப்ரா, கிழக்கு ஜெர்மனி. பியாஃப்ரா நோட்டுகள் வகையில் குறைவு, சீக்கிரம் முடிந்துவிடும். கிழக்கு ஜெர்மனியில் வேலை நிறைய இருக்கிறது. அச்சிட்டும் வெளியிடாத 200, 500 மார்க் நோட்டுகள் இருக்கின்றன. பழைய நோட்டுகளை ஹால்பர்ஸ்டாட் அருகே சுரங்கத்தில் கொட்டி மூடிய பிறகு, திருடர்கள் உள்ளே புகுந்து எடுத்ததால்தான் அந்த இரண்டும் சேகரிப்பாளர் கைக்கு வந்தன. என் வாக்கு கிழக்கு ஜெர்மனிக்கு. பொதுக்குழு இன்றே கைதூக்கி முடிவு செய்ய வேண்டுகிறேன்.

கூட்டங்களுக்குத் தவறாமல் வந்தவர்களுக்கும், குறிப்புச் சீட்டுகளை அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்த இளைய உறுப்பினர்களுக்கும் நன்றி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்