கிரீனர் துப்பாக்கிக் குடும்பத்தின் கதையைத் தேட உதவியவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

நியூகாசில் நகரில் 1829இல் ஒரு கடையாகத் தொடங்கி, பர்மிங்ஹாமுக்கு இடம்பெயர்ந்து, 1965இல் வேறு நிறுவனத்துக்குக் கைமாறும்வரை தலைமுறை தலைமுறையாக நடந்த கிரீனர் குடும்பத் துப்பாக்கித் தொழிலின் வரலாற்றை எழுதி முடித்துவிட்டேன். இதற்குக் கைகொடுத்தவர்கள் பலர். தனித்தனியாக நன்றி சொல்லியிருந்தாலும், எல்லோர் முன்னிலையிலும் ஒருமுறை சொல்வதுதான் முறை. பெயர் போட வேண்டாம் என்று உங்களில் சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது இது யாரென்று உங்களுக்கே தெரியும்.

முதலில் பர்மிங்ஹாம் நூலகத்தின் ஆவணப் பிரிவில் வேலை செய்யும் அம்மையாருக்கு. நான் லேத் பட்டறையில் உலோகம் கடைபவன், வரலாறு படித்தவன் இல்லை. பழைய ஏடுகளை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் தொழில் விவரப் புத்தகங்கள் அச்சாகும். எந்தத் தெருவில், எந்த எண்ணில், யார் என்ன தொழில் செய்கிறார் என்று அதில் இருக்கும். ஆனால் ஒரு வருடத்துப் புத்தகத்தில் இருப்பது அதற்கு முன்பே திரட்டிய தகவல். அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் எப்போது வீடு மாறினார் என்று முடிவுகட்டக் கூடாது, வரிப் புத்தகத்தையும் மக்கள்தொகைக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். 1841 கணக்கெடுப்பில் அதே மாவட்டத்தில் பிறந்தவரா இல்லையா என்பது மட்டும்தான் இருக்கும். பிறந்த ஊரையே எழுதும் வழக்கம் 1851இல்தான் வந்தது. வடக்கே நியூகாசில் பக்கமிருந்து வந்த குடும்பங்களைத் தேடுகிறவனுக்கு அந்தப் பத்து வருட வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது தேடிப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

நியூகாசிலில் உள்ள டைன் அண்ட் வேர் ஆவணக் காப்பகத்தாருக்கும் அதே அளவு நன்றி. தொழிலைத் தொடங்கிய வில்லியம் கிரீனர் 1806இல் பிறந்தவர். லண்டனில் மேன்டன் என்பவரின் துப்பாக்கிப் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிக் கடை போட்டார். அவர் மகன் வில்லியம் வெலிங்டன் கிரீனர் பிறந்தது 1834இல். இங்கிலாந்தில் அரசாங்கம் பிறப்பு, இறப்பைப் பதியத் தொடங்கியதோ 1837 ஜூலையில். ஆகவே தந்தைக்கு மட்டுமல்ல, மகனுக்கும் தேவாலய ஏடுகளைத்தான் நாட வேண்டும். மங்கிப்போன அந்தக் கையெழுத்தை எனக்குப் படித்துக் காட்ட, தன் மதிய உணவு நேரத்தையும் கொடுத்த இளைஞரை மறக்க மாட்டேன்.

தந்தை வில்லியமைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவரைப் படிக்கப் படிக்க எனக்கு மதிப்பு கூடிக்கொண்டே போனது. சுடும்போது பின்பக்கம் விரிந்து, குழலின் உட்புறத்துச் சுருள் வரிகளைக் கவ்விக்கொள்ளும் குண்டை 1835இலேயே செய்துகாட்டினார். சோதனையில் நன்றாகவே சுட்டது. ஆனால் ஒரே துண்டாக இல்லாமல் இரண்டு துண்டு சேர்ந்த குண்டு என்று சொல்லி ராணுவ அதிகாரிகள் ஒதுக்கிவிட்டார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர் மினியே அதே தத்துவத்தில் செய்த குண்டுக்குப் பிரிட்டிஷ் அரசு 20,000 பவுண்டு கொடுத்தது. வில்லியம் விடாமல் போராடினார். இந்தத் தத்துவத்தை முதலில் பொதுவில் சொன்னவர் இவர்தான் என்று ஒப்புக்கொண்டு 1857இல் 1,000 பவுண்டு தந்தார்கள். பணம் குறைவுதான். ஆனாலும் அவருடைய உரிமை அரசாங்கக் கணக்கில் ஏறிவிட்டது. அதுவே அவருக்குப் பெரிதாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். சுரங்கத் தொழிலாளர் விளக்கு, 1846இல் ஸ்டெய்ட் என்பவரோடு சேர்ந்து உரிமம் வாங்கிய மின்விளக்கு, ரயில் பாதையின் நான்கு கேட்டுகளையும் ஒரே நேரத்தில் திறக்கும் பொறி என்று அவர் கை வைக்காத துறை குறைவு.

1844இல் அவர் பர்மிங்ஹாமுக்கு வந்ததற்குக் காரணம் எளியது. வேண்டிய பொருளில் பெரும்பகுதி இங்கிருந்துதான் நியூகாசிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்த ஊரின் கன் குவார்ட்டர் பகுதியில் ஒரு துப்பாக்கியைப் பல பேர் சேர்ந்து செய்தார்கள். குழல் பற்றவைப்பவர் ஒருவர், குடைபவர் ஒருவர், லாக் என்ற சுடும் பொறிக்கு அரம் போடுபவர், மரக்கட்டை செதுக்குபவர், பூவேலை வெட்டுபவர், குழலுக்கு நிறமேற்றுபவர் என்று ஆளுக்கொரு வேலை. பலர் தங்கள் வீட்டுக் கொல்லைப்புறப் பட்டறையிலேயே செய்தார்கள். பாதி முடிந்த துப்பாக்கியைச் சிறுவர்கள் ஒரு பட்டறையிலிருந்து அடுத்த பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். லாக் செய்பவர்கள் டார்லஸ்டன், வெட்ன்ஸ்பரி போன்ற பக்கத்து ஊர்களில் இருந்தார்கள். துப்பாக்கியில் பொறிக்கப்படுவது மட்டும் கடைக்காரர் பெயர்.

அந்தப் பெயரில்லாத மனிதர்களை எனக்குக் காட்டித் தந்தது ஒரு குடும்பம். அவர்களுடைய கொள்ளுத்தாத்தா கிரீனர் தொழிற்சாலையில் கட்டை செதுக்கியவர். அவருடைய உளிகளையும், வால்நட் மரக்கட்டையில் பென்சிலால் அவர் போட்ட அளவுக் கோடுகளையும் மேசைமேல் பரப்பி வைத்து, என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். வாங்குபவரின் கை நீளம், தோள், கன்னம் எல்லாம் பார்த்துத்தான் கட்டையை வளைவு கொடுத்துச் செதுக்குவார்களாம். உலோக வேலை எனக்குத் தெரியும். மரத்தில் அவ்வளவு நுணுக்கம் இருப்பது அன்றுதான் தெரிந்தது. தேநீரும் கேக்கும் கொடுத்து, மாலை வரை பேசிக்கொண்டிருந்த அந்தப் பாட்டியம்மாவுக்கு என் வணக்கம்.

பான்பரி தெருவில் இருக்கும் ப்ரூஃப் ஹவுஸ்காரர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தால் ஏற்பட்ட சோதனைச் சாலை அது, இன்றும் நடக்கிறது. ஒவ்வொரு குழலிலும் வழக்கத்தைவிடக் கூடுதலாக மருந்து கெட்டித்துச் சுட்டுப் பார்த்து, வெடிக்காமல் தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். அந்த முத்திரைகளைப் படிக்கத் தெரிந்தால் துப்பாக்கியின் வயதைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். கிரீடத்தோடு குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்கள் இருந்தால் 1904க்கு முந்தையது. ‘குண்டுக்கு உரியதல்ல’ என்ற பொருளில் ஒரு வரி பொறித்திருந்தால் 1875 விதிக்குப் பிற்பட்டது. 1887இல் அந்த வரியை எடுத்துவிட்டு ‘சோக்’ என்று மட்டும் பொறிக்கத் தொடங்கினார்கள். அங்கே மூத்தவர் ஒருவர் பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, தானே ஒவ்வொன்றாக விளக்கினார்.

சோக் என்ற அந்த விஷயம்தான் மகனின் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதைப் புரியவைத்தவர் கவென்ட்ரியில் இருக்கும் நம் பொறியாளர் அண்ணன். ரவை எனும் சிறு குண்டுகளைச் சுடும் துப்பாக்கியில் குழலின் வாய்ப்பக்கத்தை மட்டும் ஒரு மயிரிழை குறுக்குவது சோக். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் குறுக்கினால் தண்ணீர் சிதறாமல் தூரம் போகிறதே, அப்படி ரவையும் ஒன்றாகச் சேர்ந்து போகும். இதற்கு முதல் ஆங்கில உரிமம் வாங்கியவர் கிரீனர் இல்லை. நியூகாசிலைச் சேர்ந்த பேப் என்பவர் 1866இலேயே வாங்கிவிட்டார். ஆனால் எவ்வளவு குறுக்க வேண்டும், எங்கே தொடங்கிக் குறுக்க வேண்டும் என்று சுட்டுச் சுட்டுப் பார்த்து, எப்போது செய்தாலும் ஒரே மாதிரி வரும் முறையை 1874இல் கொண்டுவந்தது வில்லியம் வெலிங்டன். அடுத்த வருடம் லண்டனில் நடந்த போட்டியில் அவருடைய துப்பாக்கிகள் வென்றன. அண்ணன் இதைத் தாளில் வரைந்து காட்டி, ‘கண்டுபிடிப்பவர் ஒருவர், அதைத் தொழிலாக்குபவர் இன்னொருவர், ரெண்டு பேருக்கும் உரியதைக் கொடுத்து எழுதுங்க தம்பி’ என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன்.

தந்தைக்கும் மகனுக்கும் இடையில் இருந்த பிளவுதான் இந்த வரலாற்றில் என் மனதை மிகவும் தொட்ட பகுதி. தந்தைக்கு வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிமேல்தான் நம்பிக்கை, நம் ஊர் நாட்டுத் துப்பாக்கி மாதிரி. பின்பக்கம் மடித்துத் திறந்து தோட்டா போடும் துப்பாக்கி அதற்கு ஈடாகாது என்று எழுதியும் வைத்தார். எதிர்காலம் தோட்டாவில்தான் என்று மகன் நினைத்தார். தனியாகப் பட்டறை வைத்து, 1864இல் தன் முதல் தோட்டாத் துப்பாக்கியைச் செய்தார். ஒரே ஊரில், ஒரே பெயரில், இரண்டு கிரீனர்கள்! 1869இல் தந்தை இறந்த பிறகுதான் இரண்டு தொழிலும் ஒன்றாயின. பல இடங்களில் இவர்கள் இருவரின் துப்பாக்கிகளும் ஒருவருடையவை போலக் கலந்து பேசப்படுகின்றன. அதைப் பிரித்துப் பார்க்க முடிந்தது இரண்டு சேகரிப்பாளர்களின் தயவால். தங்கள் அலமாரியில் பூட்டி வைத்திருந்த துப்பாக்கிகளின் வரிசை எண்களையும் பொறிப்புகளையும் முறையாகப் படம் எடுத்துக் கொடுத்தார்கள். நீங்கள் கேட்டுக்கொண்டபடி, இருக்கும் இடம் தெரியாமல் அந்தப் படங்களை வெட்டித்தான் சேர்த்திருக்கிறேன்.

இன்னொருவருக்கு நன்றி சொல்லாமல் விட முடியாது. இந்தத் தொழிலின் பெருமையை மட்டும் எழுதி நிறுத்தக் கூடாது என்று ஆரம்பத்திலேயே சொன்ன ஆசிரியை அக்கா அவர். பர்மிங்ஹாம் துப்பாக்கிகள் 18ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டவை. கிரீனர் குடும்பம் அதற்குப் பிந்தியது. மட்டமான இரும்பில் குழல் செய்து விற்பவர்களை வில்லியம் தன் நூல்களில் கடுமையாகத் திட்டியிருக்கிறார். ஆனாலும் 1859இல் ஆஸ்டனில் அவர் கட்டிய தொழிற்சாலைக்குப் பணம் வந்தது தென்னாப்பிரிக்காவுக்கு ரைஃபிள்கள் விற்ற லாபத்திலிருந்து. அங்கே அந்த மண்ணின் மக்களிடமிருந்து நிலம் பறிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. கைத்திறனை வியக்கும்போதே இதையும் எழுத வேண்டும் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. அக்கா, அந்த அத்தியாயம் உங்களால் வந்தது.

பிற்காலத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, நூலில் விரிவாக இருக்கிறது. 1881இல் வில்லியம் வெலிங்டன் எழுதிய பெரிய நூல் 1910க்குள் 9 பதிப்புகள் கண்டது. 1920இல் குடும்பத் தொழில் லிமிடெட் நிறுவனமானது. அதற்கு அடுத்த ஆண்டு அவர் காலமானார். எகிப்துக் காவலர்களுக்கென்று, வெளியில் கிடைக்காத தனித் தோட்டா மட்டுமே பொருந்தும்படி ஒரு துப்பாக்கி செய்தார்கள். திருடிப் போனாலும் பயன்படாது. திமிங்கில வேட்டைக்கான ஈட்டித் துப்பாக்கி, கால்நடைகளை வதையில்லாமல் கொல்லும் கருவி ஆகியவையும் உண்டு. 1965இல் வெப்லி அண்ட் ஸ்காட் நிறுவனம் வாங்கியது. செயின்ட் மேரீஸ் ரோவில் இருந்த தொழிற்சாலை நகரின் உள்வட்டச் சாலைக்காக இடிக்கப்பட்டது. அந்தத் தெருவின் பழைய வரைபடங்களை இன்றைய சாலைமேல் பொருத்தி, எது எங்கே இருந்தது என்று என்னோடு மழையில் நடந்து காட்டிய ஓய்வுபெற்ற நில அளவையாளருக்கு மிக்க நன்றி.

ஆங்கிலத்தில் எழுதியதைப் படித்துத் திருத்தித் தந்த என் மகளுக்கும், சனிக்கிழமைகளை எல்லாம் இதற்கே விட்டுக்கொடுத்த என் மனைவிக்கும் வீட்டிலேயே நன்றி சொல்லியாயிற்று. இருந்தாலும் இங்கேயும் சொல்லிக்கொள்கிறேன்.

நூலின் ஒரு படியைப் பர்மிங்ஹாம் நூலகத்துக்கும், ஒன்றை நியூகாசில் காப்பகத்துக்கும் கொடுக்கிறேன். உதவிய ஒவ்வொருவருக்கும் ஒரு படி தபாலில் வரும். கிரீனர் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களின் கூலிச் சீட்டோ, பயிற்சி ஒப்பந்தமோ, புகைப்படமோ உங்களுக்குத் தெரிந்த யார் வீட்டிலாவது இருந்தால், என்னிடம் தர வேண்டியதில்லை, நூலகத்தின் ஆவணப் பிரிவில் காட்டச் சொல்லுங்கள். முதலாளிகளைப் பற்றி நிறையத் தாள் கிடைத்துவிட்டது. குழல் பற்றவைத்தவர்கள், நிறமேற்றியவர்கள் பற்றி இன்னும் நிறையத் தேட வேண்டியிருக்கிறது.

நன்றியுடன்,
பர்மிங்ஹாமிலிருந்து உங்கள் நண்பன்