ஃபுகாசியும் பம்பையும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஓசூர் இளைஞர்களின் ராக் குழு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பங்க் ராக்கின் வேகமான, முரட்டு வடிவமான ஹார்ட்கோரிலிருந்து கிளைத்த போஸ்ட்-ஹார்ட்கோர் இசையைப் பற்றித் தமிழில் அச்சில் பார்ப்பதே அபூர்வம், அதற்கு நன்றி. ஆனால் இவர்களுக்கு முன்னோடி அமெரிக்காவின் ஃபுகாசி என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, 'வெறும் ஆத்திரக் கூச்சல்' என்று கட்டுரையாளர் கதையை முடித்துவிட்டார். ஃபுகாசியை அவர் கேட்டிருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

1987-இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் முதல் கச்சேரி செய்த குழு அது. தொடங்கியவர் இயன் மெக்காய். அதற்கு முன் மைனர் த்ரெட் என்ற குழுவில் பாடியவர். அங்கே பெரும்பாலான பாட்டுகள் ஆரம்பித்த வேகத்திலேயே முடிந்துவிடும். புதுக் குழுவுக்கு அவர் நினைத்தது வேறு: ஸ்டூஜஸ் என்ற பழைய அமெரிக்க ராக் குழுவின் முரட்டுத்தனம், கூடவே ஜமைக்காவின் ரெக்கே இசை. 'வெயிட்டிங் ரூம்' பாட்டைக் கேட்டுப் பாருங்கள். முதலில் ஜோ லாலியின் பேஸ் கிட்டார் மட்டும் தனியாக நடைபோடும். மற்றவர்களும் வந்து சேர்ந்து பாட்டு சூடு பிடிக்கிற நேரத்தில் எல்லாமே டக்கென்று நின்றுவிடும். சில நொடி சத்தமே இருக்காது, அப்புறம்தான் தொடரும். வெறுமனே கத்துகிறவர்களுக்கு இப்படி நிறுத்தத் தோன்றாது.

அந்த ரெக்கே ஜமைக்காவிலிருந்து நேராக வந்து இறங்கியதல்ல. அதே வாஷிங்டனில் பேட் பிரெயின்ஸ் என்ற கறுப்பின இளைஞர்களின் குழு இருந்தது. ஜாஸ் கலப்பிசையில் தொடங்கி ஹார்ட்கோருக்கு வந்து, ஒரே மேடையில் ரெக்கேயும் வாசித்தவர்கள். மெக்காயின் தலைமுறைக்கே அவர்கள்தான் ஆதர்சம். அந்த ஊருக்கே சொந்தமான கோ-கோ என்ற நடன இசையின் தாளமும் பக்கத்திலேயே ஒலித்துக்கொண்டிருந்தது. 1983-இல் மைனர் த்ரெட்டின் கடைசிக் கச்சேரியில் ட்ரபிள் ஃபங்க் என்ற கோ-கோ குழுவும் வாசித்திருக்கிறது. ஃபுகாசியின் இன்னொரு பாடகர் கீ பிச்சோட்டோ ஆரம்பத்தில் கிட்டாரைக் கையிலேயே எடுக்கவில்லை; ஹிப்-ஹாப் மேடைகளில் துணைக்கு நிற்கும் பாடகரைப் போல ஆடிப் பாடினார். ஆக, தன் ஊரில் காதில் விழுந்ததையெல்லாம் அந்தக் குழு வாங்கிக்கொண்டது.

ஓசூர்ப் பையன்களும் அதையேதான் செய்கிறார்கள். அவர்களுடைய டிரம்மர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். அவருடைய அப்பா திருவிழாக்களில் பம்பை அடிப்பவர், இவரும் சின்ன வயதிலிருந்து கூடவே போய் அடித்தவர். அம்மன் அழைப்பில் தாளம் ஏறுகிற மாதிரியே பாட்டின் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போகிறார். உங்கள் கட்டுரை போட்ட தாக்கங்களின் பட்டியலில் ஏழெட்டு வெளிநாட்டுப் பெயர்கள் இருந்தன, பம்பை இல்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை போல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபுகாசி பல ஆண்டுகள் டிக்கெட்டை 5 டாலரைச் சுற்றியே வைத்திருந்தது. எந்த வயதுக்காரரும் உள்ளே வரலாம் என்பதில் பிடிவாதமாக இருந்தது. கூட்டத்தில் ஒருவன் அடுத்தவரை இடித்துத் தள்ளினால் பாட்டை நிறுத்திவிட்டு, அவன் காசைக் கவரில் போட்டுக் கையில் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். நம் பையன்களுக்கு வாய்ப்பது பெங்களூர் மது விடுதிகள்தான். அங்கே அவர்களுடைய பள்ளிக்கூடத்துத் தம்பி தங்கைகள் போய்க் கேட்க முடியாது. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மண்டபம் கேட்டால் ராக் என்றதுமே கையை விரித்துவிடுகிறார்கள். பாரதம் நடக்கிற நாட்களில் பாட்டியும் பேரனும் ஒரே பாயில் உட்கார்ந்து விடிய விடியக் கூத்துப் பார்க்கிற ஊர்கள் நம்முடையவை. சத்தம் நமக்குப் புதிதா என்ன?

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மண்டபங்கள் சும்மாதான் கிடக்கின்றன. ஒரு ஞாயிறு மாலை மட்டும், மின்சாரக் கட்டணத்தோடு சேர்த்து நியாயமான வாடகைக்கு விட எந்த மண்டபக்காரர் தயார் என்று உங்கள் நிருபர் விசாரித்து எழுதினால் உபயோகமாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்