குண்டனுக்குத் தொட்டி மாற்றினேன்

அன்புள்ள பாப்பா,

உன் குட்டி அடீனியம் செடி இலை கொட்டுகிறது என்று அம்மாவிடம் சொன்னாயாமே. அதற்காகத்தான் எழுதுகிறேன். வேறு ஒன்றுமில்லை.

தண்ணீர் ஊற்றாதே. அங்கே குளிர் தொடங்கிவிட்டது. இரவில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது தூங்கப் போய்விடும். இலையை உதிர்த்துவிட்டு, அடித்தண்டில் சேர்த்து வைத்திருப்பதை வைத்தே மாதக்கணக்கில் காலம் தள்ளும். அந்தக் குண்டு வயிறு எதற்கு, இதற்குத்தானே? பகலில் வெயில் படுகிற ஜன்னலோரமாக வை. இரவில் கண்ணாடியை ஒட்டி வைக்காதே. அவ்வப்போது விரலால் அழுத்திப் பார். கெட்டியாக இருந்தால் நல்லது. சுற்றிலும் ஒரே மாதிரி லேசாகத் தொய்ந்திருந்தால் தாகம். வெதுவெதுப்பான ஒரு பகலில் கொஞ்சம் ஊற்றலாம். ஏதாவது ஓரிடம் மட்டும் கொழகொழவென்று அமுங்கினால் அது அழுகல். இரண்டையும் குழப்பிக்கொண்டு தண்ணீர் ஊற்றிவிடாதே.

பத்தாவது படிக்கும்போது நீ 12 விதை போட்டது நினைவிருக்கிறதா? கிளையை வெட்டி நட்டால் சீக்கிரம் வளருமே என்றேன். விதையில் வந்தால்தான் அடி அழகாகப் பருக்கும் என்று என்னோடு சண்டைக்கு வந்தாய். நீ சொன்னதுதான் சரி. வருகிறவர்களிடமெல்லாம் அதில் முளைத்த நம் குண்டனைக் காட்டி, இது என் பெண் விதையிலிருந்து வளர்த்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அதே பிடிவாதத்தில்தானே எதையும் முடிவு செய்த பிறகு எங்களிடம் சொல்கிறாய். சில சமயம் அதுவும் சித்தி மூலமாக.

சரி, அது போகட்டும்.

போன மாதம் அனுப்பினேனே, குண்டன் பூத்திருக்கிற போட்டோ. அது பழைய போட்டோ. உன்னிடம் மறைத்துவிட்டேன். நீ பேசாமல் இருந்த அந்த 3 வாரமும் காலையில் எழுந்தவுடன் வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. தினமும் அவனுக்குத் தண்ணீர் ஊற்றினேன். இலை மஞ்சளாகியது, இன்னும் ஊற்றினேன். ஒருநாள் தொட்டியருகே கெட்ட வாடை. கவிழ்த்துப் பார்த்தால் வேர் கையோடு வழுக்கிக்கொண்டு வருகிறது.

கையுறை போட்டுக்கொண்டேன். அதன் பால் விஷம். ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவியிருக்கிறார்கள். நீயும் கையுறை இல்லாமல் வெட்டாதே. கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துத் துடைத்து அறுத்தேன். பழுப்பு, இன்னும் பழுப்பு. வெள்ளைச் சதை தெரிகிற வரை வெட்டியதில் அடித்தண்டில் கால்வாசி போய்விட்டது. வெட்டிய இடத்தில் கந்தகப் பொடி தடவி, நிழலில் 10 நாள் காயவிட்டேன். பிறகு அகலமான, ஆழமில்லாத தொட்டி. பெர்லைட் என்கிற லேசான வெள்ளைக் கல்லும் பருமணலும் பாதிக்கு மேல், மிச்சம் மட்கு. போன தடவையைவிட ஒரு அங்குலம் மேலே தூக்கி நட்டிருக்கிறேன். அதன்பின் 8 நாள் ஒரு சொட்டு ஊற்றவில்லை. எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா, பாப்பா? குவளையை அம்மாவிடம் கொடுத்து ஒளித்துவைக்கச் சொன்னேன்.

நேற்று உச்சியில் பச்சையாக ஒரு புள்ளி. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். இலைதான்.

அன்றைக்குப் போனில் நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. நீ அந்த வீட்டில் எப்படி இருந்தாய் என்று கேட்காமல், ஊரில் என்ன சொல்வார்கள் என்று கேட்டுவிட்டேன். நீ போனை வைத்தது நியாயம்தான். இப்போது எங்கே தங்கியிருக்கிறாய் என்று நான் கேட்கப் போவதில்லை. அறை கதகதப்பாக இருக்கிறதா என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடு. செடிக்கும் அது வேண்டும்.

வெயில் ஏறி, புதுத் துளிர் தெரிந்த பிறகு குட்டிக்குத் தொட்டி மாற்றலாம். அதுவரை அதன் வேரைத் தொடாதே, தாகம் என்று தெரியாமல் தண்ணீரும் ஊற்றாதே. முடிந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பேச வேண்டுமென்றில்லை, போட்டோ போதும்.

அப்பா