இரண்டு பேர் இல்லையென்றால் வகுப்பு இல்லை

சுங்கை சிப்புட்,
வெள்ளிக்கிழமை இரவு

அன்புத் தோழி,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. குளுவாங் சபையில் ஞாயிறு பள்ளிப் பொறுப்பை உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. இங்கே மழை விட்டபாடில்லை. பால்மரம் நின்ற இடமெல்லாம் செம்பனையாகி, லயங்கள் காலியாகி, ஜனங்கள் டவுன் ஓரத்துத் தாமான் குடியிருப்புகளுக்கு வந்துவிட்டார்கள். பிள்ளைகள் மட்டும் இன்னும் வேனில்தான் சபைக்கு வருகிறார்கள். அம்மாவுக்கு ஒரு ஷிப்ட், அப்பாவுக்கு ஒரு ஷிப்ட். கவலையில்லாமல் பிள்ளையை விட்டுப் போகலாம் என்று அவர்கள் நம்பும் இடம் சபை ஒன்றுதான். அந்த நம்பிக்கையை நினைத்துக்கொண்டே, சபையில் பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காப்பது பற்றிய உன் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

"எல்லாரும் தெரிந்தவர்கள்தானே, இத்தனை விதி எதற்கு என்று மூப்பர்கள் கேட்கிறார்கள்" என்று எழுதியிருந்தாய். பிள்ளைகளிடம் பாலியல் கொடுமை செய்கிறவர் பெரும்பாலும் பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் தெரிந்தவராகவே இருக்கிறார். முன்பின் தெரியாதவனை நம் ஜனங்கள் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். வீட்டுக்குள் வந்து சாப்பிட்டுப் போகும் அங்கிளை யார் நிறுத்துவார்கள்? அவர் அவசரப்படுவதில்லை. அப்பா இல்லாத பிள்ளை, இரவு ஷிப்ட் பார்க்கும் அம்மாவின் பிள்ளை, பள்ளியில் யாரும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளை என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார். முதலில் குடும்பத்துக்கு உதவி. அப்புறம் பிள்ளைக்குச் சப்பாத்து, போன் டாப்-அப், மைலோ. அதற்கடுத்து "அம்மாகிட்ட சொல்லாதே, திட்டுவாங்க" என்று ஒரு சின்ன ரகசியம். கிச்சுக்கிச்சு மூட்டுவது, அசிங்கமான ஜோக் ஒன்று சொல்லிவிட்டுப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது, எல்லாம் சோதனைதான். பிள்ளை யாரிடமும் சொல்லவில்லை என்று தெரிந்த பிறகே அடுத்த அடி வைப்பார். இந்தப் படிகளில் எதையும் தனியாக எடுத்துப் பார்த்தால் குற்றமாகத் தெரியாது. அதனால்தான் ஆளைப் பார்த்து விதி போடக்கூடாது என்கிறேன். போதகர், போதகரம்மா, முப்பது வருடம் பாட்டுக்குழு நடத்தியவர், நீ, எல்லாருக்கும் ஒரே விதி. அப்படி இருந்தால் யாரும் தன்னைச் சந்தேகப்படுவதாக வருத்தப்பட வேண்டியதில்லை.

முதல் விதி: உறவினரல்லாத இரண்டு பெரியவர்கள் இல்லாமல் எந்த வகுப்பும் நடக்கக்கூடாது. கணவன் மனைவியை இரண்டு பேராகக் கணக்கில் வைக்காதே. ஒருவர் தவறினால் மற்றவர் வாய்திறக்கத் தயங்குவார். உதவிக்கு வரும் பதினாறு வயது வாலிபர்கள் பெரியவர் கணக்கில் சேரமாட்டார்கள்; அவர்களும் நாம் காக்க வேண்டிய பிள்ளைகளே. பொறுப்பில் இருப்பவருக்கும் அந்த வகுப்பில் மூத்த பிள்ளைக்கும் குறைந்தது ஐந்து வயது வித்தியாசம் வேண்டும். நேற்று வாலிபர் ஐக்கியத்தில் உட்கார்ந்திருந்த பத்தொன்பது வயதுப் பையனை இன்று பதினேழு வயதுப் பெண்களுக்குத் தலைவனாக்கினால் அது இரு பக்கத்துக்கும் நல்லதல்ல.

பதினான்கு பிள்ளைக்கு மூன்றே ஆசிரியர்கள், எப்படிச் சமாளிப்பது என்று கேட்டாய். சின்னச் சபைகள் எல்லாம் தடுக்கி விழும் இடம் இதுதான். மூன்று அறைக்கு மூன்று பேரை அனுப்பாதே. வகுப்புகளைச் சேர்த்து, ஒரே கூடத்தின் இரண்டு மூலையில் நடத்து. ஒரு மூலையில் இருப்பவர் கண்ணுக்கு மறு மூலை தெரியட்டும். அறைதான் வேண்டுமென்றால் கதவு திறந்திருக்கட்டும், அல்லது கதவில் கண்ணாடி பதித்துவிடு. மூன்றாமவர் வகுப்பு எடுக்க வேண்டாம், சுற்றி வரட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று கடிகாரம் வைத்தாற்போல் போனால் எல்லாருக்கும் நேரம் பழகிவிடும். ஐந்தில் ஒருமுறை, பதினைந்தில் ஒருமுறை என்று மாற்றிப் போகச் சொல். காலையில் ஒரே ஒருவர்தான் வந்தார் என்றால் அன்று வகுப்பு இல்லை. பிள்ளைகள் பெரியவர்களோடு ஆராதனையில் உட்காரட்டும். ஒரே ஒரு ஞாயிறு "பரவாயில்லை" என்று விட்டுவிட்டால், மறு ஞாயிறு அந்த விதியை யாரும் மதிக்கமாட்டார்கள். பூட்டு போட்ட ஸ்டோர், ஆபீஸ் அறை, மேடைக்குப் பின்னாலிருக்கும் சின்ன அறை, இவற்றின் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று இந்த வாரமே எழுதி வை.

விடுமுறை வேதப் பள்ளிக்கு எத்தனை ஆள் தேவை என்பதற்கு இங்கிலாந்தின் என்எஸ்பிசிசி என்ற பிள்ளைகள் பாதுகாப்பு அமைப்பு சொல்லும் கணக்கு உதவும்: 4 முதல் 8 வயது வரை ஆறு பிள்ளைக்கு ஒரு பெரியவர், 9 முதல் 12 வரை எட்டுக்கு ஒருவர், 13 முதல் 18 வரை பத்துக்கு ஒருவர். கூட்டம் எவ்வளவு சிறியதானாலும் இரண்டு பேருக்குக் குறையக்கூடாது.

வேன் விஷயத்தை நீ ஒரு வரியில் கடந்துவிட்டாய். தோட்டப்புறச் சபைக்கு அதுதான் பெரிய ஓட்டை. வகுப்பில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசியாக இறங்கும் பிள்ளையும் ஓட்டுநரும் செம்பனைக் காட்டுப் பாதையில் தனியாகப் போகும் அந்த இருபது நிமிடத்தை யாரும் பார்ப்பதில்லை. ஓட்டுநரைத் தவிர இன்னொரு பெரியவர் வேனில் இருக்க வேண்டும். முதல் பிள்ளை ஏறுவதற்கு முன் அவர் ஏற வேண்டும், கடைசிப் பிள்ளை இறங்கிய பிறகே இறங்க வேண்டும். துணை வருபவர் வீடு கடைசியில் வருமாறு பாதையை மாற்றிப் போடு. பெட்ரோல் கொஞ்சம் கூடினாலும் பாதகமில்லை. ஏறும் பெயரும் இறங்கும் பெயரும் தாளில் குறிக்கப்பட வேண்டும். பிள்ளைகள் முன் சீட்டில் உட்கார வேண்டாம். ஓட்டுநர் சபை அங்கத்தினராக இல்லாவிட்டாலும் ஆசிரியர்கள் நிரப்பும் அதே பாரத்தை அவரும் நிரப்ப வேண்டும். மோட்டார் சைக்கிளில் ஒரு பிள்ளையை ஏற்றிப்போய் விடும் பழக்கத்தை அடியோடு நிறுத்து. பெற்றோர் தாமதித்தால் இரண்டு பேர் காத்திருக்க வேண்டும்.

கழிப்பறைக்கு பிள்ளைகள் இரண்டு மூன்று பேராகப் போகட்டும். பெரியவர் வெளிக்கதவைத் திறந்து வைத்து வெளியே நிற்கட்டும். போர்ட் டிக்சனுக்கோ கேமரன் மலைக்கோ முகாம் போனால் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனி அறை, தனித்தனிக் குளியல் நேரம். பிள்ளையோடு ஒரே படுக்கையில் எந்தப் பெரியவரும் படுக்கக்கூடாது. குளிக்கும் இடத்துக்கும் உடை மாற்றும் இடத்துக்கும் போன் வரக்கூடாது.

ஜெபத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "தனியாக ஜெபிக்கணும், வா" என்று பிள்ளையை அறைக்குள் அழைத்துப் போவது நம் சபைகளில் யாருக்கும் விகற்பமாகப் படுவதில்லை. பேசுவது பிறர் காதில் விழ வேண்டாம், ஆனால் இருவரும் பிறர் கண்ணில் பட வேண்டும். கூடத்தின் ஒரு ஓரம் போதும். கை வைப்பதானால் தலையிலோ தோளிலோ, மற்றவர்கள் முன்னிலையில், பிள்ளையிடம் கேட்டுவிட்டு.

வாட்ஸ்அப்பில் பிள்ளைகளுக்குத் தனிச் செய்தி வேண்டாம். குழுவில் இரண்டு பெரியவர்களும் பெற்றோரும் இருக்கட்டும். பிள்ளையே தனியாக எழுதினால் இன்னொரு ஆசிரியரையும் சேர்த்துப் பதில் போடச் சொல். தானாக அழிந்துபோகும் செய்தி வசதியை ஆசிரியர் ஒருவர் பிள்ளையோடு பயன்படுத்தினால் அதுவே புகார் எழுதப் போதுமான காரணம்.

ஆள் சேர்க்கும்போது, சபைக்கு வந்து ஆறு மாதம் ஆகாதவருக்குப் பிள்ளைகள் ஊழியம் கொடுக்காதே. எழுத்தில் விண்ணப்பம், குடும்பத்தாரல்லாத இருவரின் நற்சான்று, நேர்முகம். முந்தைய சபைக்குப் போன் போட்டு "இவரைத் திரும்பவும் பிள்ளைகளோடு வேலை செய்ய விடுவீர்களா?" என்று நேராகவே கேள். பதில் வரத் தாமதித்தால் அந்தத் தாமதத்தையும் குறித்துக்கொள். ஜேகேஎம், அதாவது சமூக நல இலாகா, வைத்திருக்கும் குழந்தைகள் பதிவேட்டில் சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு பெயரைச் சரிபார்க்க விண்ணப்பி. ஆனால் தண்டனை பெற்றவர்கள் பெயர்தான் அதில் இருக்கும்; பிடிபடாதவர் பெயர் இருக்காது. அந்தத் தாள் சுத்தமாக வந்தது என்பதற்காக இரண்டு பேர் விதியைத் தளர்த்திவிடாதே.

இனி, நான் தூக்கமில்லாமல் யோசிக்கும் பகுதி. ஒரு பிள்ளை வந்து சொல்லிவிட்டால்?

பிள்ளை நேராகச் சொல்லாது. "அந்த வேனில் நான் வரமாட்டேன்" என்று தொடங்கும். பதறாமல் கேள். "இதை என்னிடம் சொன்னது நல்லது. தப்பு உன்மேல் இல்லை" என்று சொல். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்கு கொடுத்துவிடாதே; காப்பாற்ற முடியாது, மீறினால் பிள்ளை மறுபடி யாரையும் நம்பாது. "அங்கிள் உன்னை இங்கே தொட்டாரா?" என்று நீயாகப் பதிலைக் கேள்விக்குள் வைக்காதே. "அப்புறம் என்ன நடந்தது?" என்பதற்கு மேல் போக வேண்டாம். நீ கேட்டு, போதகர் கேட்டு, மூப்பர்கள் கேட்டு என்று நாலு தடவை சொல்ல வைத்தால் பிள்ளையின் வார்த்தைகள் மாறிப்போகும். நீதிமன்றத்தில் அதையே எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். முறையான விசாரணையைப் போலீசில் பாலியல் குற்றம், பெண்கள், சிறுவர் வழக்குகளைப் பார்க்கும் டி11 பிரிவு பார்த்துக்கொள்ளும். குழந்தைகளுக்கென்றே உள்ள நேர்காணல் மையத்தில் வீடியோவில் பதிவுசெய்வார்கள். நீ செய்ய வேண்டியது, பிள்ளை சொன்னதைப் பிள்ளையின் வார்த்தையிலேயே எழுதி, தேதி, நேரம், கையெழுத்து போடுவது. "சூசூ போற இடம்" என்று சொன்னால் அப்படியே எழுது. நீ நாகரிகமாக மாற்றாதே.

அன்றே போலீஸ் ரிப்போர்ட். எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். சமீபத்தில் நடந்திருந்தால் பிள்ளையைக் குளிப்பாட்டாமல், உடையைத் துவைக்காமல் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போ, ஓ.எஸ்.சி.சி. (கொடுமைக்கு ஆளானவர்களைப் பார்க்கும் நெருக்கடி மையம்) என்று கேட்டால் தனி அறையில் பார்ப்பார்கள். தடயம் எடுக்கவும் கர்ப்பத்தையும் தொற்றையும் தடுக்கும் மருந்து கொடுக்கவும் 72 மணி நேரத்துக்குள் போவது முக்கியம். என்ன செய்வதென்று கை நடுங்கினால், தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண் 15999-ஐக் கூப்பிடு. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு "நீ செய்தாயா?" என்று கேட்பதுதான் பெரிய தவறு. கேட்ட கையோடு போனில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், பிள்ளையின் வீட்டுக்கு ஆள் போய்விடும். போலீசிடம் போன பிறகு, அவர்கள் சொல்லும் நேரத்தில், எல்லாப் பிள்ளைகள் ஊழியத்திலிருந்தும் அவரை விலக்கி வை. பிள்ளையின் பெயரை ஜெபக் குறிப்பாகக்கூட வெளியே விடாதே.

மூப்பர்களுக்குச் சட்டத்தையும் சொல். மலேசியாவில் 2017-ஆம் ஆண்டு வந்த, சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் பற்றிய 792-ஆம் சட்டப்படி, பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தும் தகவல் கொடுக்காதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம். ஆசைகாட்டிப் பிள்ளையை வசப்படுத்தும் செயலுக்கே ஐந்தாண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. நம்பிக்கைக்குரிய நிலையில் இருந்துகொண்டு செய்தவருக்கு மூலக் குற்றத்தின் தண்டனையோடு இன்னும் ஐந்தாண்டு வரை கூடும், குறைந்தது இரண்டு பிரம்படியும் சேரும். வேறு சாட்சி இல்லாமல் பிள்ளையின் வாக்குமூலத்தை மட்டும் வைத்தே தண்டிக்கவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. "சாட்சி இல்லையே" என்ற பேச்சு இனி எடுபடாது.

யாராவது மத்தேயு 18-ஐத் தூக்கிக்கொண்டு வருவார், சகோதரன் தவறினால் தனியாகப் பேசித் தீர்க்கச் சொல்லியிருக்கிறதே என்று. அது சரிசமமான இரண்டு பெரியவர்களுக்கு இடையே உள்ள பிணக்குக்குச் சொன்னது. அதே அதிகாரத்தின் ஆறாம் வசனத்தைத் திருப்பிக் காட்டு; சிறியவருக்கு இடறல் செய்கிறவன் கழுத்தில் ஏந்திரக்கல் கட்டுவதைப் பற்றி அங்கே இருக்கிறது. மன்னிப்பது வேறு, போலீசுக்குச் சொல்வது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்கள்தான் "பொண்ணு பேர் கெட்டுடும்" என்று அம்மாவின் வாயை அடைக்கிறார்கள். இன்னும் மோசமானது, ஆளைச் சத்தமில்லாமல் வேறு ஊர்ச் சபைக்கு மாற்றிவிடுவது. அமெரிக்காவில் 2002-இல் பாஸ்டன் மறைமாவட்ட விவகாரம் வெடித்தபோது உலகம் கண்டது இதைத்தான்: புகார் வந்த குருக்கள் ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்குக்கு அனுப்பப்பட்டு, அங்கேயும் பிள்ளைகள் சிதைந்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 2019-இல் குருக்களும் துறவியரும் புகாரைத் திருச்சபை மேலிடத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று உலகளாவிய விதி கொண்டுவந்தது. நம் சபைகள் அத்தனை பிள்ளைகள் பாதிக்கப்படும்வரை காத்திருக்க வேண்டுமா?

பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடு. "நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்" என்று மட்டும் சொன்னால் பிள்ளை குழம்பும். வசப்படுத்துகிறவனின் தொடுதல் பல நேரம் மென்மையாகவே இருக்கும். உள்ளாடை மூடும் இடத்தை யாரும் தொடவோ பார்க்கவோ காட்டச் சொல்லவோ கூடாது, மருத்துவர் பார்ப்பதானாலும் அம்மா அப்பா கூட இருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் ரகசியம் காக்கச் சொன்னால் உடனே வேறொரு பெரியவரிடம் போக வேண்டும். உறுப்புகளின் பெயரைத் தமிழில் வெட்கப்படாமல் சொல்லப் பழக்கு. பெயர் தெரியாத இடத்தைப் பற்றிப் பிள்ளை எப்படி முறையிடும்? ஆண் பிள்ளைகளையும் கட்டாயம் உட்கார வை. அவர்களுக்கு நடந்தால் சொல்லவே மாட்டார்கள், சொன்னாலும் சிரித்துவிடுகிறோம்.

செயற்குழுக் கூட்டத்துக்கு முன் உங்கள் வேன் பாதையைத் தாளில் வரைந்து அனுப்பு. எந்த இடத்தில் பிள்ளை தனியாக மாட்டுகிறது என்று பார்த்து எழுதுகிறேன். ஆசிரியர் விண்ணப்பப் பாரமும் ஏறி இறங்கும் பட்டியலும் தமிழில் தட்டச்சு செய்து இதனோடு வைத்திருக்கிறேன். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

அன்புடன்,
உன் பழைய தோழி