சாவி கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதுரை மாவட்டத்தில் மேலூர், கொட்டாம்பட்டி, உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்து ஊர்களில் எங்களுக்கு இடம் கொடுத்து, சோறு போட்டு, வேலையும் சொல்லிக்கொடுத்த எல்லாருக்கும் வணக்கம்.

குழு கலைந்து அவரவர் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். கிளம்புகிற அன்று வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்ததில் யாரிடமும் ஒழுங்காகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அதற்குத்தான் இந்த மடல். பெயர்களைப் போடவில்லை. ஒருவர் பெயர் விட்டுப்போனாலும் மனவருத்தம் வரும். தவிர, உங்களில் பாதிப் பேர் "என் பேரெல்லாம் எதுக்குத் தாயி" என்று முன்னமே சொல்லிவிட்டீர்கள்.

எங்களைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு வேன், மண்வெட்டி, கடப்பாரை, இரண்டு அண்டா, ஆளுக்கொரு பாய். ஓர் ஊரில் சில வாரம் தங்கி, ஊர் கேட்கிற வேலையைச் செய்துவிட்டு அடுத்த ஊருக்குப் போவோம். சம்பளம் கிடையாது. சாப்பாடும் கைச்செலவுக்குக் கொஞ்சமும் உண்டு. எங்களில் பலர் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தவர்கள். அதில் சிறப்பு முகாம் என்றால் ஏழு நாள். ஊருக்குள் எந்தத் தெரு எங்கே போகிறது என்று பிடிபடுவதற்குள் மூட்டை கட்டவேண்டும். அந்தக் குறைதான் எங்களை இந்த வேனில் ஏற்றியது.

எந்த ஊருக்குப் போனாலும் எங்கள் முதல் கேள்வி, "சாவி யார்கிட்ட இருக்கு?" பள்ளிக்கூடச் சாவி, சமுதாயக்கூடச் சாவி, மோட்டார் ரூம் சாவி, கழிப்பறைச் சாவி. ஊராட்சியில் சரி என்று சொல்லியிருப்பார்கள், தலைமையாசிரியரும் தலையாட்டியிருப்பார். சாவி மட்டும் யாரோ ஒருவர் இடுப்பில் இருக்கும், அவர் ஆடு மேய்க்கப் போயிருப்பார். அவர் வந்து திறக்கிறவரை சேவையாவது மண்ணாங்கட்டியாவது, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆகவே முதல் நன்றி அந்தச் சாவிக்காரர்களுக்கு. குறிப்பாகக் கொட்டாம்பட்டிப் பக்கத்து டேங்க் ஆபரேட்டர் அண்ணனுக்கு. பெண்பிள்ளைகள் விடியுமுன் குளிக்கவேண்டும் என்று தெரிந்ததும், யாரும் கேட்காமலே மோட்டாரை அரைமணி நேரம் முன்னாடி போட ஆரம்பித்தார். அதைப் பற்றி எங்களிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஓர் இரவை மறக்க முடியாது. தங்குவதற்குச் சொல்லி வைத்திருந்த மண்டபத்தில் நாங்கள் போய் இறங்கியபோது கல்யாணத்துக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். "உங்களுக்குச் சொல்லலையா?" என்று கேட்டார்கள். சொல்லவில்லை. எந்த மண்டபம் என்பதெல்லாம் வேண்டாம், விடுங்கள். பஸ் ஸ்டாப்பில் பாத்திரம் பண்டத்தோடு நின்ற எங்களைப் பார்த்துவிட்டு, கடையடைத்துக்கொண்டிருந்த டீக்கடை அண்ணாச்சி திரும்பவும் அடுப்பைப் பற்றவைத்தார். அவர் போட்ட ஒரு போனில் மில் குடோன் ஒன்று திறந்தது. ஆண்பிள்ளைகள் அங்கே போனார்கள். "பொம்பளப் புள்ளைகள குடோன்ல படுக்க விடுவாகளா?" என்று அங்கன்வாடி அக்கா எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போனார். அந்த வீட்டில் இருந்ததே ஒரே அறை. அவர் வீட்டுக்காரர் போர்வையை எடுத்துக்கொண்டு வெளியே திண்ணைக்குப் போய்விட்டார். ஒரு ராத்திரி என்று போனவர்கள், அந்த ஊரை விட்டுக் கிளம்பும்வரை அங்கேயே இருந்தோம். அண்ணனும் திண்ணையிலேயே இருந்தார்.

நூறு நாள் வேலைக்கு வரும் அக்காமாருக்கும் அப்பத்தாமாருக்கும் என்ன சொல்வது? ஊருணிக்குத் தண்ணீர் வரும் கால்வாயை மூடிக் கிடந்த சீமைக்கருவேலத்தை வெட்டப் போனோம். நாங்கள் வெட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஓர் அப்பத்தா சொன்னார்: "இப்படி மேலாக்க வெட்டுனா அடுத்த மழைக்கு நாலு கிளையா வரும். தூரோட தோண்டுங்கப்பா." அன்றிலிருந்து வேலை மூன்று மடங்கு மெதுவானது, ஆனால் வேலையாக இருந்தது. அந்த முள் செருப்பையும் துளைத்து ஏறும். முனை உள்ளேயே ஒடிந்துவிட்டால் அடுத்த நாள் சீழ் கட்டும். என் குதிகாலில் ஏறியதை எடுத்ததும் அதே அப்பத்தாதான். தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, பீடிக்காரர் ஒருவரிடம் தீப்பெட்டி வாங்கி முனையைச் சுட்டு, என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். கீறியது தெரியவே இல்லை. கறுப்பாக, நெல் முனையளவு ஒன்றை விரல் நுனியில் ஒட்டிக் காட்டிவிட்டு, எருக்கம்பாலை ஒரு சொட்டு வைத்து, "போ, போய்ச் சோலியப் பாரு" என்றார்.

நான் தஞ்சாவூர்ப் பக்கம். ஆற்றில் திறந்துவிட்டால் வாய்க்காலில் வரும், அதுதான் எனக்குத் தெரிந்த தண்ணீர். உங்கள் பக்கம் வந்த பிறகுதான் கண்மாய் என்பது தனியாக ஒன்று இல்லை என்று புரிந்தது. எங்களுக்கு விடுப்பு கிடைத்த ஒரு நாளில் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் நீர்பாய்ச்சி ஐயா ஒருவர் அரிட்டாபட்டி மலைக்குக் கூட்டிப்போனார். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் என்ற அளவில் படித்திருந்தேன். 72 நீர்நிலை, 200 சுனை என்று அரசுக் கணக்கும் தெரியும். ஐயா கணக்கெல்லாம் சொல்லவில்லை. பாறைமேல் நின்று ஆனைகொண்டான் கண்மாயைக் காட்டினார். மலையில் விழுந்த மழை எந்தச் சரிவில் இறங்கும், ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால் அடுத்து எதற்குப் போகும் என்று விரலாலேயே ஓட்டிக்காட்டினார். நாங்கள் பல நாள் முட்டி வலிக்கத் தோண்டிய கால்வாய் அந்த மாதிரி ஒரு சங்கிலியில் எந்தக் கண்ணி என்று அப்போதுதான் தெரிந்தது. வேலை தொடங்கும் முன்னாலேயே ஒருவர் இதைக் காட்டியிருக்கலாமே என்று கேட்டேன். "அப்ப காட்டியிருந்தா உங்களுக்கு மலைதானே தெரிஞ்சிருக்கும்" என்றார். இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பேரையூர் பக்கம் கண் சிகிச்சை முகாமில் எங்களுக்குக் கொடுத்த வேலை சின்னது: பெயர் எழுதுவது, வரிசையில் உட்காரவைப்பது, கைபிடித்துக் கூட்டிப்போவது. மதுரைப் பக்கத்தில் கண் முகாம் புதிதல்ல. அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய ஊர் இது. ஊரிலேயே சோதித்து, புரை உள்ளவர்களைப் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஆபரேஷன் முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விடுகிற முறை இங்கே எல்லாருக்கும் பழக்கம். செலவில்லை. இருந்தும் பஸ் நிற்கும்போது சிலர் ஏறமாட்டேன் என்பார்கள். பயம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அப்படி ஒரு பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், "என் ஆட்டை யாரு பாப்பா?" இரண்டு வெள்ளாடு, ஒரு குட்டி. கண்ணைவிட அது பெரிய விஷயம், ஏனென்றால் சாப்பாடு அதில்தான் இருக்கிறது. அந்தப் பாட்டியின் எதிர்வீட்டுக்காரருக்கும் அவருக்கும் வேலித் தகராறில் பேச்சுவார்த்தை இல்லையாம். அந்த எதிர்வீட்டு அண்ணன்தான் வந்து, பாட்டியின் முகத்தைப் பார்க்காமல் எங்களைப் பார்த்து, "ஆட்டை அவுத்து எங்க கொட்டத்துல கட்டச் சொல்லுங்க" என்றார். பாட்டி பஸ் ஏறிவிட்டார். முகாம் என்றால் டாக்டரை, நர்ஸை, பேனர் வைத்தவரைப் பாராட்டுவார்கள், பாராட்டத்தான் வேண்டும். ஆடு பார்த்துக்கொண்டவரையும் இங்கே எழுதி வைக்கிறேன். வேலித் தகராறு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.

பள்ளிக்கூடங்களில் தங்கியபோது எங்களுக்கு அலாரம் தேவைப்படவில்லை. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டதே மதுரையில்தான். அந்தச் சமையலுக்கு வரும் மகளிர் குழு அக்காக்கள் இருட்டோடு வந்து பாத்திரம் உருட்டுவார்கள், கொஞ்ச நேரத்தில் தாளிக்கிற வாசம் வரும். பிள்ளைகளின் பங்கில் ஒரு கரண்டிகூட எங்களுக்குத் தரமாட்டார்கள், அளந்து வந்தது அளந்தே போகும். அது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அவர்கள் வீட்டிலிருந்து தூக்கில் கேப்பைக்கூழும் மோர்மிளகாயும் வந்துவிடும்.

அப்புறம், வேன் ஓட்டிய அண்ணன். எங்கள் சண்டைகள் அத்தனையையும் கேட்டவர், ஒன்றைக்கூட வெளியே சொல்லாதவர். போன் சார்ஜ் போட ஒரே பிளக்கும் குளிக்க ஒரே அறையும் இருக்கிற இடத்தில் எதற்கெல்லாம் சண்டை வரும் என்பதைக் குழுவில் இருந்தவர்களுக்குச் சொல்லவேண்டாம். எங்கள் வீட்டாருக்கும் நன்றி. "கூலியில்லாத வேலைக்கா இம்புட்டுப் படிச்ச" என்று கேட்டாலும் மாதாமாதம் ரீசார்ஜ் போட்டுவிட்டது அம்மாதான்.

கரையில் பனைவிதை போட்ட ஊர்ப் பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு சேதி. கொட்டை முளைக்கவில்லை என்று தோண்டிப் பார்க்காதீர்கள். பனை முதலில் கீழேதான் போகும், குருத்து வெளியே தலைகாட்ட மாசக்கணக்காகும். பனையேறித் தாத்தா சொன்னது ஞாபகம் இருக்கிறது அல்லவா? ஆடு கடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். எங்கள் மண்வெட்டிகளில் நான்கை உங்கள் பள்ளிக்கூட ஸ்டோர் ரூமில்தான் வைத்துவிட்டு வந்திருக்கிறோம், எடுத்துப் பயன்படுத்துங்கள்.

கடைசியாக ஒன்று. எங்கள் அண்டாவுக்குள் யார் வீட்டு எவர்சில்வர் தூக்குவாளியோ ஒன்று வந்திருக்கிறது. மூடியில் "காதணி விழா அன்பளிப்பு" என்று பொறித்திருக்கிறது, பெயர் தேய்ந்துபோய்விட்டது. மேலூர்ப் பக்கம் கூழ் கொண்டுவந்த வீடாகத்தான் இருக்கவேண்டும். யாருடையது என்று சொல்லி அனுப்பினால், பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். தூக்கை வெறுமையாக அனுப்பக்கூடாது என்கிறார் அம்மா, அதிரசம் சுட மாவு இடித்து வைத்திருக்கிறார். சீக்கிரம் சொல்லுங்கள்.

அன்புடன்,
குழுவின் சார்பில், உங்கள் தஞ்சாவூர்ப் பிள்ளை