நாற்காலியில் தொடங்காதீர்கள்

அன்புள்ள தோழருக்கு,

அயர்லாந்துப் புரட்சியாளர் ஜேம்ஸ் கானலி பற்றிய உங்கள் சிறுநூலின் கைப்பிரதியைப் படித்து முடித்தேன். எடுத்த எடுப்பிலேயே டப்ளினின் கில்மைனம் சிறை முற்றம். 1916 மே 12, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான ஈஸ்டர் கிளர்ச்சி முறிந்த பின். கணுக்கால் சிதறி நிற்க முடியாத மனிதனை நாற்காலியில் உட்கார்த்திச் சுடுகிறார்கள். படிப்பவர் கண் கலங்கும். ஆனால் அங்கே தொடங்கினால், 47 வயதுவரை அந்த மனிதர் என்ன வேலை பார்த்தார் என்று யாருக்கும் கேட்கத் தோன்றாது. 'தொழிற்சங்கத் தலைவர், சிந்தனையாளர், தியாகி, பத்திரிகையாளர்' என்று நீங்களும் கடைசியில்தான் அந்தச் சொல்லை ஒட்டவைத்திருக்கிறீர்கள். நான் அதை முதலில் வைப்பேன். அவர் வாழ்க்கை முழுக்க ஒரு பத்திரிகை போனால் இன்னொன்று என்றே ஓடியது. அவை ஏன் ஏன் நின்றன என்று பார்த்துக்கொண்டே போனால் 1916க்கு வந்துவிடலாம்.

எடின்பரோவில் கவ்கேட் என்ற ஏழைக் குடியிருப்பில் 1868இல் பிறந்தவர். பிழைக்க வந்த அயர்லாந்துக் குடும்பம். பத்துப் பதினொரு வயதில் அண்ணன் வேலை பார்த்த 'ஈவினிங் நியூஸ்' அச்சகத்தில் எடுபிடி: மை உருளைகளைக் கழுவ வேண்டும், பெரியவர்களுக்குச் சாப்பாடும் பீரும் வாங்கி வர வேண்டும். சட்டப்படி வயது போதாது. ஆய்வாளர் வந்தால் பையனை உயரமான ஸ்டூலில் ஏற்றி, எழுத்துப் பெட்டிக்குப் பின்னால் உட்கார வைப்பார்களாம். ஒருநாள் பிடிபட்டு வேலை போனது. இந்த மை உருளையை உங்கள் நூலில் காணோம். சேருங்கள், பின்னால் தேவைப்படும்.

1898 ஆகஸ்ட் 13 அன்று டப்ளினில் 'தொழிலாளர் குடியரசு' (வொர்க்கர்ஸ் ரிபப்ளிக்) முதல் இதழ் வந்தது. முதலீடு பிரிட்டிஷ் தொழிலாளர் தலைவர் கெயர் ஹார்டி கடனாகக் கொடுத்த 50 பவுண்டு. தேதியையும் கவனியுங்கள். இரண்டு நாளில் 1798 கிளர்ச்சித் தலைவர் உல்ஃப் டோன் நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டு விழா, ஊரெல்லாம் கூட்டம். கூட்டம் எங்கேயோ அங்கே பத்திரிகை. ஆனால் இரண்டு மூன்று மாதத்தில் கடன் பணம் கரைந்து இதழ் நின்றுவிட்டது. மறுபடி தொடங்க 1899 மே ஆயிற்று. அதன்பிறகு எழுத்துக் கோப்பது முதல் மெஷின் ஓட்டுவது வரை பெரும்பாலும் கானலியேதான். ஆங்கிலத்தில் 'வாராந்தரி'க்கும் (weekly) 'நோஞ்சான்' என்பதற்கும் (weakly) ஒரே ஒலி. தெம்பு இருக்கும்போது வரும் பத்திரிகை என்று அவரே கேலி செய்வார் என்பார்கள்.

1902இல் அமெரிக்கா முழுதும் பேசி, பத்திரிகைக்குச் சந்தா சேர்த்து அனுப்பினார். திரும்பி வந்து பார்த்தால் இதழ் ஒழுங்காக வரவில்லை. சந்தாப் பணம், அவருடைய சோசலிசக் கட்சி நடத்திய மதுக்கூடத்தின் நட்டத்தை அடைக்கப் போயிருந்தது. 1903இல் அவர் கட்சியைவிட்டு விலகி அமெரிக்காவுக்கே குடிபெயர்ந்ததை 'கோட்பாட்டு முரண்பாடு' என்று எழுதியிருக்கிறீர்கள். கோட்பாடும் இருந்ததுதான். ஆனால் சந்தா கட்டியவருக்கு இதழ் போய்ச் சேரவில்லை என்றால் ஆசிரியருக்கு எப்படி இருக்கும் என்று பத்திரிகை நடத்தியவரைக் கேட்டுப் பாருங்கள்.

நியூயார்க்கில் 1908 ஜனவரியில் தொடங்கிய 'தி ஹார்ப்' மாத இதழைத் தெருவில் நின்று தானே விற்றார். 1910இல் அது டப்ளினுக்கு மாறியது. அங்கே தொழிற்சங்கத் தலைவர் ஜேம்ஸ் லார்கின் கவனித்துக்கொண்டார். சில மாதங்களில் அவதூறு வழக்குகள் அதை முடித்துவைத்தன.

சங்கத்தில் சேர்ந்த தொழிலாளர்களை டப்ளின் முதலாளிகள் வெளியே தள்ளிய 1913 கதவடைப்பு அத்தியாயத்தை டிராம் நிறுத்தத்திலிருந்து தொடங்குகிறீர்கள். பத்து நாள் பின்னால் போங்கள். முதலாளிகளின் தலைவர் வில்லியம் மார்ட்டின் மர்ஃபிக்கு டிராம் கம்பெனியோடு 'இண்டிபெண்டண்ட்' நாளிதழும் சொந்தம். முதலில் வேலை போனது அந்த நாளிதழைக் கட்டி அனுப்பும் பிரிவில், லார்கினின் சங்கத்தில் சேர்ந்தவர்களுக்கு. பேப்பர் போடும் பையன்கள் அதை விற்க மறுத்தார்கள். ஆகஸ்ட் 26 காலை டிராம்கள் நின்றது அதற்கு அப்புறம். 1916 மேயில், கானலி காயத்தோடு படுத்திருந்தபோது, கிளர்ச்சித் தலைவர்களில் மோசமானவர்களை விடக் கூடாது என்று தலையங்கம் எழுதியதும் இதே 'இண்டிபெண்டண்ட்'தான்.

இனி நீங்கள் ஒரே பத்தியில் தாண்டிப்போன இடம். 1914 அக்டோபரில் லார்கின் அமெரிக்கா போனதும் சங்கமும் அதன் 'ஐரிஷ் வொர்க்கர்' இதழும் கானலி கைக்கு வந்தன. போர் தொடங்கியிருந்த நேரம். நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அரசு கைவைத்தது ஆசிரியர்மேல் அல்ல, அச்சகத்தார்மேல். ஆசிரியரைப் பிடித்தால் வழக்கு, கூட்டம், கோஷம். அச்சகத்தாரிடம் 'உன் மெஷினை எடுத்துக்கொண்டு போய்விடுவோம்' என்று சொன்னால் போதும், அவரே அச்சடிக்க மறுத்துவிடுவார். டிசம்பரில் 'ஐரிஷ் வொர்க்கர்' நின்றது. தேசியவாதப் பத்திரிகையாளர் ஆர்தர் கிரிஃபித் அப்போது 'கத்தரிக்கோலும் பசையும்' என்று ஓர் இதழ் நடத்தினார். தணிக்கை தாண்டி ஏற்கெனவே வெளிவந்த செய்திகளை வெட்டி ஒட்டியது மட்டுமே அது. அதுவும் சில மாதம்தான். கானலி 'தி வொர்க்கர்' என்ற பெயரில் கிளாஸ்கோவில் அச்சடித்துக் கடல்வழியே டப்ளினுக்குக் கொண்டுவந்தார். ஆறே இதழில் பறிமுதல். ஆக, வாடகை அச்சகமும் உதவாது, வெளியூர் அச்சகமும் உதவாது. சொந்த மெஷின் வேண்டும், அதற்குக் காவலும் வேண்டும்.

பழைய வார்ஃப்டேல் உருளை அச்சு மெஷின் ஒன்று சங்கத் தலைமையகமான லிபர்ட்டி ஹாலுக்கு வந்தது இப்படித்தான். 1915 மே 29 அன்று 'தொழிலாளர் குடியரசு' அதில் மீண்டும் பிறந்தது. சங்கத் தொழிலாளர்களின் ஆயுதப் படையான குடிமக்கள் படை, மேடையில் அணிவகுக்க மட்டுமல்ல, இந்த மெஷினைக் காக்கவும் இருந்தது. 1916 மார்ச் 24 அன்று, பக்கத்தில் இருந்த சங்கக் கடையில் தடைசெய்யப்பட்ட இதழ்களைத் தேடிப் போலீஸ் புகுந்தபோது, கானலி வாரன்ட் கேட்டார். இல்லை என்றதும் துப்பாக்கியை நீட்டி, எடுத்ததைக் கீழே போடச் சொன்னார். போட்டார்கள்.

அந்த 1915 கோடையில் அவர் எழுதிய தொடரை எடுத்துப் படியுங்கள்: மாஸ்கோ 1905, திரோல் 1809, பிரஸ்ஸல்ஸ் 1830, பாரிஸ் 1830, 1848. தெரு என்பது ஊருக்குள் இருக்கும் மலைக் கணவாய் மாதிரி, உள்ளே வரும் படை அகலத்தைச் சுருக்கிக்கொண்டுதான் வர முடியும் என்பது அவர் கணக்கு. வெளிப்பார்வைக்கு வரலாற்றுக் கட்டுரைகள். வாரா வாரம் காசு கொடுத்து வாங்கும் பத்திரிகையில் தெருச்சண்டைப் பாடம் நடந்திருக்கிறது.

ஈஸ்டர் ஞாயிறு, ஏப்ரல் 23. அன்று காலை, ஐரிஷ் தொண்டர் படைத் தலைவர் மெக்நீல் அன்றைய அணிவகுப்புகளை ரத்து செய்த அறிவிப்பு 'சண்டே இண்டிபெண்டண்ட்'டில் வந்து கிளர்ச்சியைக் குலைத்துவிட்டது. அன்றே லிபர்ட்டி ஹாலில் மூன்று பேர் குடியரசுப் பிரகடனத்தை அச்சேற்ற உட்கார்ந்தார்கள்: மெஷின்காரர் கிறிஸ்டோபர் பிராடி, அச்சுக்கோப்பவர்கள் மைக்கேல் மல்லாய், லியம் ஓ'பிரையன். தாள் சாகர்ட் ஊர் ஆலைத் தாள், வாரப் பத்திரிகைக்கு வாங்குவதே, மட்டரகம். அளவு ஏறத்தாழ 30க்கு 20 அங்குலம். இவ்வளவு பெரிய தாளை நிரப்ப எழுத்து இல்லை. ஸ்டாஃபர்ட் தெருவில் இருந்த வெஸ்ட் என்ற அச்சகத்தாரிடம் கடன் வாங்கியும் போதவில்லை.

என்ன செய்தார்கள் என்றால், மூன்றாம் பத்தி முடியும்வரை மேல்பாதியை மட்டும் கோத்து எல்லாத் தாளிலும் ஓட்டினார்கள். பிறகு அந்த எழுத்துகளையே பிரித்துப் போட்டு, கீழ்ப்பாதியைக் கோத்து, அதே தாள்களை இன்னொரு முறை மெஷினில் கொடுத்தார்கள். கையால் கொடுக்கும் தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் இரண்டு பாதிக்கும் நடுவில் இடைவெளி மாறும். அதனால்தான் ஒரு பிரதி மாதிரி இன்னொன்று இல்லை. ஆங்கிலச் சின்ன 'ஈ' (e) தீர்ந்துபோய் வேறு வார்ப்பு 'ஈ'க்களைக் கலந்தார்கள். தலைப்பில் பெரிய 'ஈ' ஒன்று குறைந்தது. 'எஃப்' (F) எழுத்தின் அடியில் அரக்கு வைத்து 'ஈ' ஆக்கினார்கள். இன்று ஏலத்துக்கு வரும் பிரதி அசலா போலியா என்று பார்ப்பவர்கள் முதலில் தேடுவது இந்தக் குறைகளைத்தான். முடியும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. 2,500 பிரதி என்று ஒரு கணக்கு, 1,000தான் என்று இன்னொரு கணக்கு. உங்கள் நூலில் ஒன்றை மட்டும் போடாதீர்கள்.

உங்கள் முதல் பக்கத்துக்கு ஒன்று சொல்கிறேன். மறுநாள் திங்களன்று தொடங்கிய கிளர்ச்சியின் புதன்கிழமை 'ஹெல்கா' என்ற பிரிட்டிஷ் கப்பல் லிபர்ட்டி ஹால்மேல் குண்டு போட்டது. கட்டடத்தில் காவலாளியைத் தவிர யாரும் இல்லை. பின்னால் சிப்பாய்கள் உள்ளே நுழைந்தபோது கீழ்ப்பாதி கோத்த பாரம் (எழுத்துச் சட்டம்) பிரிக்கப்படாமல் அப்படியே கிடந்தது. நினைவுக்கு வைத்துக்கொள்ள அவர்கள் சில தாள்களை ஓட்டிப் பார்த்தார்கள். மேல்பாதி இல்லாத அந்த அரைப் பிரதிகளின் அடியில் ஏழு பெயர்கள். ஆறாவது பெயர், ஜேம்ஸ் கானலி.

தோழமையுடன்.